எந்தக் கூட்டத்தோடு சேர்ந்து விற்பது?

சென்ற மாதம் கிளிநொச்சிச் சந்தைக்குச் சாமான் போட்டுவிட்டு, திரும்பி வர பஸ்ஸுக்காக நின்றேன். பக்கத்தில் நின்ற தங்கச்சி ஒருத்தி தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். முரசுமோட்டைப் பக்கத்துப் பிள்ளை. மோர்மிளகாயும் வேப்பம்பூ வடகமும் வீட்டில் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறவள். முன்பே முகப் பழக்கம் உண்டு.

"அக்கா, மூன்று இடத்தில இருந்து என்னைச் சேரச் சொல்லிக் கேட்டிருக்கினம். ஒன்று வட்ஸ்அப் குழு, இருநூற்றுச் சொச்சம் பேர் இருக்கினமாம். மற்றது வவுனியாவில ஒரு கூட்டம், வந்து இருந்து கேட்டால் காணும், பிறகு காசு தன்பாட்டில வருமாம். மூன்றாவது எங்கட ஊர்ப் பெண்கள் ஆறேழு பேர் சேர்ந்து ஏதோ செய்யப் போகினமாம். எதில சேரட்டும்?"

பஸ் வந்துவிட்டது. "அவசரப்பட்டு ஒன்றிலயும் காசு கட்டிப் போடாதை பிள்ளை, நான் யோசிச்சு எழுதுறன்" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். எழுதுகிறேன் என்று சொன்னது வாய்ப் பேச்சாகப் போய்விடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். அவளைப் போல வேறு பல பேருக்கும் இந்தக் கேள்வி இருக்கும் என்று நினைக்கிறேன்.

2013 ஆம் ஆண்டிலிருந்து நான் கறித்தூள், ஒடியல்மா, எள்ளுருண்டை விற்று வருகிறேன். இந்தக் காலத்தில் ஐந்து கூட்டங்களைக் கண்டுவிட்டேன். ஒன்றின் வாசல் வரை போய்த் திரும்பினேன். இரண்டை நானாக விட்டேன். ஒன்றில் என்னை வெளியே தள்ளிவிட்டார்கள். ஒன்றில் இன்றும் இருக்கிறேன்.

விற்கிறவளுக்குக் கூட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. செய்வதைச் செய்து, கொண்டுபோய்க் கொடுத்து, காசை வாங்கினால் சரிதானே என்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் விற்பனை என்பது எவ்வளவு தனிமையான தொழில் என்பது அதில் இறங்கிய பிறகுதான் தெரியும். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற பிள்ளைக்குப் பக்கத்து மெசினில் ஒருத்தி இருப்பாள். வயலில் நிற்கிறவருக்கு வரம்புக்கு அங்காலே ஒருவர் நிற்பார். நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு தனியே கடை கடையாக ஏறி இறங்குகிறோம். கடைக்கார முதலாளிக்கு எங்கள் எல்லோருடைய விலையும் தெரியும். எங்களுக்கு அவருடைய வாய்ச்சொல் மட்டுந்தான் தெரியும். "மற்ற ஆக்கள் இதைவிடக் குறைச்சுத் தருகினம் தங்கச்சி" என்று அவர் சொன்னால், அந்த மற்ற ஆட்கள் யார், உண்மையிலேயே குறைத்துக் கொடுக்கிறார்களா என்று கேட்டுப் பார்க்க எங்களுக்கு வழி கிடையாது.

2022 இல் இதன் விலையை நான் நன்றாகப் படித்தேன். அந்த வருடம் செத்தல் மிளகாய், மல்லி, போக்குவரத்து எல்லாமே நாளுக்கு நாள் ஏறின. செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதம். நானோ கடைக்காரர் கோவிப்பார் என்று பயந்து, மூன்று கிழமைக்கு மேல் பழைய விலைக்கே தூள் போட்டேன். மூன்றாம் கிழமை முடிவில் கணக்குப் பார்த்தால், விற்ற காசுக்கு அதே அளவு மிளகாயைத் திரும்ப வாங்க முடியவில்லை. பிறகுதான் தெரிந்தது, அதே கடைக்குத் தூள் போடுகிற தருமபுரத்து அக்கா ஒருவர் இரண்டு முறை விலையைக் கூட்டி, கடைக்காரரும் மறுபேச்சின்றி ஏற்றிருக்கிறார். நாங்கள் இருவரும் ஒரு நாள் கதைத்திருந்தால் போதும். ஒரு தொலைபேசி அழைப்புக்கு எவ்வளவு செலவாகும்?

அந்தக் கதையை வைத்துக்கொண்டு நான் ஐந்து கூட்டங்களையும் சொல்கிறேன்.

முதலாவது, கடன் குழு. அதன் பெயரில் 'மகளிர்' இருந்தது, 'சுயதொழில்' இருந்தது. அதை நம்பித்தான் சேர்ந்தேன். விண்ணப்பப் பத்திரத்தில் கணவரின் கையொப்பம் என்று ஓர் இடம் இருந்தது. 2009 மே மாதத்துக்குப் பிறகு என் வீட்டில் அந்தக் கையொப்பத்தை வைக்க ஆள் இல்லை. அம்மா வைத்தார். ஐந்து பெண்கள் ஒரு குழு. ஐவரும் ஒருவருக்கொருவர் பிணை. கிழமைக்கு ஒரு நாள் ஒரு வீட்டு விறாந்தையில் கூடுவோம். கடன் அறவிடுகிற தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து கொப்பியை விரிப்பார். ஒருத்தியின் காசு குறைந்தால் மற்ற நால்வரும் போட்டு நிரப்பும்வரை எழும்ப முடியாது. இரண்டு வருடம் அங்கே இருந்தேன். ஒருநாளாவது யாருக்கு எங்கே சாமான் விலைப்படுகிறது, எந்தக் கடை காசு தருகிறது என்று யாரும் கதைக்கவில்லை. கதைக்க மனமும் இருக்கவில்லை.

ஒரு கிழமை எங்களில் ஒருத்தி வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை. மூன்றாவது கிழமை, நால்வரும் அவளுடைய வீட்டுக்குப் போய்க் கேட்டு வாருங்கள் என்று சொல்லப்பட்டது. போனோம். படலை சாத்தியிருந்தது. உள்ளே ஆள் இருப்பது கதவுக்குக் கீழே தெரிந்த காலில் தெரிந்தது. செட்டிகுளத்து முகாமில் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவள் அவள். என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் தன்னிடம் இருந்த கடைசிப் பால்மாவைக் கரைத்துத் தந்தவள். அவளுடைய வாசலில் நான் கடன்காரியாக நின்றேன். இதை எழுத இன்றும் கை கூசுகிறது. 2018 இல் அரசாங்கம், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்நிதிக் கடன்களில் நிலுவையில் கிடந்தவற்றைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. அந்தளவுக்குப் பெண்கள் அடைந்த துன்பம் நாடு முழுக்கத் தெரிந்திருந்தது. கடன் எடுப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. முதல் இல்லாமல் தொழில் இல்லை. ஆனால் ஒருத்தியின் தோல்வியை மற்றவளைக் கொண்டு தண்டிக்கிற ஏற்பாட்டை, தொழில் செய்யும் பெண்களின் குழு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, அந்தத் தங்கச்சிக்கு வந்த அழைப்பைப் போன்றது. எனக்கும் வவுனியாவில்தான். குளிரூட்டிய மண்டபம், கழுத்துப்பட்டி கட்டிய தம்பிமார், பாட்டு, கைதட்டு. ஒருவர் மேடையில் ஏறி, தான் இரண்டு வருடத்தில் வீடும் வாகனமும் வாங்கிய கதையைச் சொன்னார். சேர்வதற்கு 65,000 ரூபா. அதற்கு ஈடாக ஒரு பெட்டிச் சத்துப் பானப் போத்தல்கள். நான் தூள் விற்கிறவள் அல்லவா, வழக்கப்படி கேட்டேன். "தம்பி, இந்தப் போத்தல் ஒன்று என்ன விலை? எங்கட ஊரில இதை ஆர் வாங்குவினம்?" அவர் சிரித்தார். "அக்கா, நீங்கள் போத்தலை விக்கிறதைப் பற்றி யோசிக்கக் கூடாது. ஐந்து பேரைக் கொண்டு வாங்கோ. அந்த ஐந்து பேரும் ஆளுக்கு ஐந்து பேரைக் கொண்டு வருவினம்."

அன்றிரவு கடன் கொப்பியின் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்தேன். ஐந்து, இருபத்தைந்து, 125, 625, 3,125... பத்தாவது படியில் 97 இலட்சத்து 65 ஆயிரத்து 625 பேர் வேண்டும். பதினோராவது படியில் 4 கோடி 88 இலட்சம். முழு இலங்கையிலும் குழந்தை குட்டியோடு சேர்த்து 2 கோடி 20 இலட்சம் பேருக்குக் கிட்டத்தான் இருக்கிறோம். ஆக, கடைசியாகச் சேருகிறவர்களுக்குக் கொண்டுவர ஆள் இல்லை. அவர்களுடைய காசுதான் மேலே உள்ளவரின் வீடும் வாகனமும். இது பிரமிட் திட்டம். 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தில் 83 சி என்ற பிரிவு இதைத் தடை செய்கிறது. ஆட்கள் கூடக் கூடத்தான் பயன் கிடைக்கும் என்ற அமைப்பில் நடத்துவதும், விளம்பரம் செய்வதும் குற்றம். சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. மத்திய வங்கி இது பற்றி அடிக்கடி பத்திரிகைகளில் அறிவித்தலும் போடுகிறது. அப்படியிருந்தும் எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை, தோட்டையும் சங்கிலியையும் அடைவு வைத்துக் கட்டினாள். போத்தல்கள் அவளுடைய வீட்டு அலுமாரிக்கு மேலே காலாவதித் திகதி கடந்து இருக்கின்றன. சங்கிலி மீளவில்லை. அவளுக்கு அதைவிடப் பெரிய வலி, தன்னை நம்பிச் சேர்ந்த மச்சாளின் முகத்தைப் பார்க்க முடியாமல் இருப்பது.

கொமிசனுக்குச் சாமான் விற்பது எல்லாமே ஏமாற்று என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு கொம்பனியின் சவர்க்காரத்தையோ துணியையோ வாங்கி, இலாபம் வைத்து விற்கிற பெண்கள் நேர்மையாக உழைக்கிறார்கள். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. காசு சாமான் வாங்குகிறவரிடமிருந்து வருகிறதா, சேருகிறவரிடமிருந்து வருகிறதா? இதைக் கேட்டவுடன் எதிரில் நிற்பவர் பேச்சை மாற்றினால், செருப்பைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடலாம்.

மூன்றாவதாக ஒரு வட்ஸ்அப் குழு. இருநூற்று முப்பது பேர் இருந்தார்கள். வடக்கு, கிழக்கு, மலையகம், கொழும்பு என்று எல்லா இடத்தவர்களும். உண்மையைச் சொன்னால் அங்கே நான் நிறையக் கற்றேன். பொதி செய்த உணவுக்கு லேபலில் பெயர், நிறை, சேர்மானங்கள், தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, செய்தவரின் முகவரி எல்லாம் வர வேண்டும் என்பதை அங்கேதான் ஒரு மட்டக்களப்பு அக்கா பொறுமையாக விளங்கப்படுத்தினார். அதுவரை நான் வெறும் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும்தான் ஒட்டிக் கொண்டிருந்தேன். பொலித்தீன் பை மொத்த விலைக்கு எங்கே கிடைக்கும், வெள்ளவத்தைக்குப் பஸ்ஸில் பார்சல் போட எவ்வளவு எடுப்பார்கள், எல்லாம் அங்கே தெரிந்தது.

ஆனால் ஒரு நாள் அதே குழுவில் இருந்த ஒருவர் 40 கிலோ கறித்தூளுக்கு ஓடர் தந்தார். தன் உறவினரின் சாப்பாட்டுக் கடைக்காம். குழுவில் இருக்கிறவர்தானே என்று முற்பணம் கேட்காமல் அனுப்பினேன். சாமான் போய்ச் சேர்ந்தது. காசு வரவில்லை. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, குழுவில் பகிரங்கமாக, மரியாதையாகத்தான், "இன்னாரிடமிருந்து எனக்கு இவ்வளவு வர வேண்டும், வேறு யாருக்கும் இப்படி நடந்ததா?" என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். பிறகு இரண்டு பெண்கள் தனியாக அழைத்து, தங்களுக்கும் நடந்தது, சொல்லப் பயந்து இருந்தோம் என்றார்கள். குழுவை நடத்தியவருக்கும் ஓடர் தந்தவருக்கும் வேண்டியப்பட்டவர்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து எந்தக் குழுவில் கால் வைப்பதற்கு முன்னும் பழைய பேச்சுகளை மேலே தள்ளிப் பார்ப்பேன். காலை வணக்கமும் பூப்படமும் விலைப்பட்டியலும் மட்டும் இருக்கிறதா, அல்லது யாராவது ஒரு தடவையாவது "எனக்கு நட்டம் வந்தது", "இந்த இடத்தில் காசு முடங்கியது" என்று சொல்லியிருக்கிறார்களா? சொன்னவளுக்கு என்ன பதில் கிடைத்தது? கெட்ட செய்தி சொல்ல முடியாத இடத்தில் நல்ல செய்தியையும் நம்ப முடியாது. எல்லோரும் விற்கிறவர்களாக இருந்து, வாங்குகிறவர் ஒருவருமில்லாத குழுக்களும் உண்டு. அங்கே ஒருவரின் விளம்பரத்தை மற்றவர் பார்ப்பதில்லை. தன் விளம்பரத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பெரிய குழுவில் சேர்ந்தால் முகம் தெரியாத இருநூறு பேருக்கு உங்கள் இலக்கம் போகிறது. தனியாக இருக்கும் பெண் என்று தெரிந்தால் இரவு பத்து மணிக்கு மேல் அழைப்பு வரும். எனக்கும் வந்தது. "தூள் இருக்கா?" என்று தொடங்கி வேறு எங்கோ போகிற பேச்சு. வியாபாரத்துக்கென்று வேறொரு சிம் எடுத்தேன். பிள்ளையின் படத்தை எடுத்துவிட்டு மிளகாய்ப் படத்தைப் போட்டேன். இரவு எட்டு மணிக்குப் பிறகு அந்தப் போன் அணைந்திருக்கும். அடையாள அட்டையின் படத்தையோ, வங்கியிலிருந்து வருகிற இரகசிய இலக்கத்தையோ எந்தக் குழுவும் கேட்கத் தேவையில்லை. கேட்டால் அது தொழில் குழு அல்ல. தொந்தரவு எல்லை மீறினால் பெண்களுக்கான 1938 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லலாம். வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள் அல்ல.

இவ்வளவும் சொன்ன பிறகும் பெரிய குழு வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. இப்போதும் வேறொரு பெரிய குழுவில் இருக்கிறேன். அதை நான் சந்தையைப் போல வைத்திருக்கிறேன். போகிறேன், பார்க்கிறேன், கேட்கிறேன், வருகிறேன். முற்பணம் பாதி வராமல் ஒரு கிலோவும் அனுப்புவதில்லை.

நான்காவது கூட்டம் நல்ல மனத்தோடு நடத்தப்பட்டது. அதனால்தான் அதைப் பற்றி எழுதுவது கடினமாக இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்களுக்குச் சாமான் அனுப்பி விற்கிற குழு. ஒரு பிள்ளை கமராவோடு வந்து என்னைப் படம் எடுத்தாள். தூளை அல்ல, என்னைத்தான். இவருடைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கச் சொன்னாள். பைக்கற்றில் ஒட்டுவதற்கு என் கதையை நாலு வரியில் எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன். முதல் மாதம் முந்நூறு பைக்கற் போனது. இரண்டாம் மாதம் நூறு. நாலாம் மாதம் ஒன்றுமில்லை. ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்து, விடுமுறைக்கு வந்த ஒரு மாமி தற்செயலாகச் சொன்னார்: "பிள்ளை, உன்ர தூளில வறுவல் காணாது, பச்சை மணம் அடிச்சது. பாவம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

எனக்கு அன்று வந்த கோபம் அந்த மாமியில் அல்ல. இரக்கத்தில் வாங்குகிறவர் ஒரு முறைதான் வாங்குவார், குறையும் சொல்ல மாட்டார். குறை சொல்லாத வாடிக்கையாளரை வைத்துக்கொண்டு யாரும் தொழில் பழக முடியாது. அந்த மழைக்காலத்தில் மல்லியை வெயிலில் சரியாகக் காய வைக்காமல் வறுத்திருந்தேன். முதல் மாதமே ஒருவர் சொல்லியிருந்தால் திருத்தியிருப்பேன். இவருடைய படம் ஒட்டிய பைக்கற் எந்தெந்த நாட்டுக் குப்பைக் கூடையில் கிடக்கும் என்று நினைத்து அன்று இரவு நித்திரை வரவில்லை. அதற்குப் பிறகு என் லேபலில் தூளின் கதை மட்டுந்தான். ஒரு குழு உங்களிடம் முதலில் உங்கள் சாமானைச் சுவை பார்க்கக் கேட்கிறதா, உங்கள் இழப்பைக் கேட்கிறதா என்று பாருங்கள். பிறகு உங்கள் இஷ்டம். சிலருக்கு அந்த உதவி அந்த நேரத்தில் தேவைப்படும், அதையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது நான் இருக்கிற கூட்டம் எட்டுப் பேர். தொடங்கிய இடம் பஸ் தரிப்பிடம். நேரத்துக்கு வராத பஸ்ஸுக்கு நன்றி சொல்ல வேண்டும். தருமபுரத்து அக்காவும் நானும் 2022 இல் ஏமாந்த கதையைப் பேசிக்கொண்டிருக்க, கேட்டுக்கொண்டிருந்த மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். பிறகு எட்டாகியது. தூள், ஒடியல்மா, பனங்கட்டி, பாய், தைத்த உடுப்பு, கருவாடு என்று பல சாமான். ஒரே சாமான் செய்கிறவர்கள் இரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்று ஒரு விதி. சேர்வதற்குக் காசு இல்லை. மாதத்தில் முதல் செவ்வாய்க்கிழமை கூடுவோம்.

கூடினால் செய்கிற முதல் வேலை, கடன் கொப்பியைத் திறப்பது. எந்தக் கடை யாருக்கு எவ்வளவு தர வேண்டும், எத்தனை நாள் என்று ஒவ்வொருத்தியும் வாசிப்பாள். முதல் முறை வாசிக்க எல்லோருக்கும் கூச்சம். தன் ஏமாளித்தனம் வெளியே தெரிகிறதே என்று. மூன்றாம் முறை வாசித்தபோதுதான், ஒரே கடை எங்களில் நான்கு பேருக்கு ஆறு மாதமாகக் காசு தராமல் இழுப்பது தெரிந்தது. தனித்தனியாகக் கேட்டபோது ஒவ்வொருத்திக்கும் "உங்கட சாமான் ஓடுதில்லை" என்று சொல்லியிருக்கிறார். ஓடாத சாமானுக்கு ஏன் மாதம் மாதம் ஓடர்? நால்வரும் ஒரே கிழமையில் சாமான் போடுவதை நிறுத்தினோம். சண்டை இல்லை, சத்தம் இல்லை. பத்து நாளில் முதலாளி தானே போன் எடுத்தார்.

இந்தியாவில் குஜராத் மாநிலத்து அகமதாபாத்தில், 1972 இல் எலா பட் என்ற அம்மையார் தெருவில் விற்கிற பெண்களையும் சுமை தூக்குகிற பெண்களையும் சேர்த்து சேவா என்ற சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது, அதிகாரிகள் மறுத்தார்களாம். முதலாளியே இல்லாதவர்களுக்கு எதற்குத் தொழிற்சங்கம், யாருக்கு எதிராகப் போராடப் போகிறீர்கள் என்று கேட்டார்களாம். சங்கம் என்பது யாருக்கும் எதிராக இருக்க வேண்டியதில்லை, தொழிலாளர் ஒற்றுமைக்காக இருக்கலாம் என்று வாதாடித்தான் அவர் பதிவைப் பெற்றார். இரண்டு வருடம் கழித்து, 1974 இல், நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபா பங்கு போட்டுத் தங்களுக்கென்று ஒரு வங்கியே தொடங்கினார்கள். 2022 இல் அந்த அம்மையார் காலமானார். எங்கள் எட்டுப் பேருக்கும் அந்தச் சங்கத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் கடைக்காரர் போன் எடுத்த அன்று எனக்கு அந்தக் கதைதான் நினைவுக்கு வந்தது.

எங்களுக்குள்ளும் பிணக்கு வராமல் இல்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கடை போட்டபோது, எள்ளுருண்டையை ஒரு விலைக்குக் கீழே விற்பதில்லை என்று நானும் மற்றவரும் பேசி வைத்திருந்தோம். இரவு பத்து மணிக்குப் பார்த்தால் அவள் இருபது ரூபா குறைத்து விற்கிறாள். எனக்கு இரத்தம் கொதித்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "விடிய முதல் பஸ்ஸுக்குப் போக வேணும் அக்கா, பிள்ளைக்குப் பரீட்சை, மிஞ்சினதை எங்க கொண்டு போறது?" என்றாள். கேட்டிருந்தால் மிச்சத்தை நான் எடுத்து விற்றிருப்பேன். அவளும் கேட்கவில்லை, நானும் அவளுக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று விசாரிக்கவில்லை. திருவிழாக் கடையில் மிஞ்சுவதை யார் பொறுப்பெடுப்பது என்று இப்போது முதலே பேசிக்கொள்கிறோம். ஒருத்தி சென்ற வருடம் குழுவை விட்டுப் போனாள். காரணம் கேட்கவில்லை. அவள் பங்குக்குப் போட்ட பார்சல் பெட்டிக் காசை எண்ணிக் கொடுத்தோம். இப்போதும் சந்தையில் கண்டால் பிளேன்ரீ குடிப்போம். சேரும் வாசலைப் பார்க்கிற பெண்கள், வெளியே வருகிற வாசல் எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது. கடன் குழுவுக்கு அது இருக்கவில்லை.

இப்போது எங்களுக்குள் ஒரு விவாதம் ஓடுகிறது. கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்வதா என்று. இலங்கையில் கூட்டுறவுச் சட்டம் 1911 இலேயே வந்துவிட்டது. வடக்கில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் எத்தனையோ குடும்பங்களைத் தாங்கியிருக்கின்றன. பங்கு கூடவோ குறையவோ இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குத்தான். கணக்கைத் திணைக்களம் பரிசோதிக்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது. இரண்டு பேர் வேண்டாம் என்கிறார்கள். "கூட்ட அறிக்கை எழுதவும் கச்சேரிக்கு அலையவும் ஆர் இருக்கினம்? எழுதத் தெரிஞ்சவள் பிறகு தலைவியாகிவிடுவாள்" என்பது அவர்களின் பயம். அது வெறும் பயம் அல்ல. படித்த ஒருத்தியின் கையில் முத்திரையும் காசோலைப் புத்தகமும் போய், மற்றவர்கள் கைநாட்டு வைக்கிறவர்களாக மாறிய சங்கங்களை நானும் கண்டிருக்கிறேன். ஆதலால் இன்னும் முடிவெடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொருத்தியும் தன் தன் வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்துகொள்வது என்பதில் எல்லோரும் ஒன்றாக இருக்கிறோம். ஐந்து பேர் பதிந்துவிட்டார்கள்.

முரசுமோட்டைத் தங்கச்சிக்கு இனி நேரே வருகிறேன். வவுனியாவுக்குப் போகாதை. போனால் பஸ் காசு நட்டம், அதோடு விட்டால் புண்ணியம். வட்ஸ்அப் குழுவில் சேர், ஆனால் ஒரு மாதம் ஒன்றும் எழுதாமல் வாசி. உங்கட ஊர்ப் பெண்கள் கூப்பிடுகிற குழுவுக்கு முதல் கூட்டத்துக்கே போ. போய், கொப்பியைத் திறப்பீங்களா என்று கேள். திறக்க மாட்டம் என்று சொன்னால் உடனே எழும்பி வரவும் வேண்டாம், கூச்சமாக இருக்கும், நீ உன்னுடையதை முதலில் திற.

அதுவரைக்கும் எங்கள் கூட்டம் வரும் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு, விசுவமடுவில் என் வீட்டு மாமரத்துக்குக் கீழே. சேர வேண்டியதில்லை, வந்து இருந்து பார். வரும்போது உன்ர வடகத்தில ஒரு பைக்கற் கொண்டு வா. பொரித்துச் சாப்பிட்டுப் பார்த்து, உப்புக் கூடினால் கூட என்று சொல்லுவம். விலையையும் எழுதிக்கொண்டு வா பிள்ளை.